பன்றிக் காவலுக்குத் துவக்கு: தோட்டாப் பெட்டியின் நாலு குறிகளும் குழலின் நுனியும்

தோட்டாப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் மூடியில் பெரும்பாலும் நாலு குறிகள் இருக்கும்: 12, 70, 32, எஸ்.ஜி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று சொட்கன் வைத்திருப்பவர்களில் பலர் கடைசிக் குறியை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். "எஸ்.ஜி இருக்கோ?" "இருக்கு." அதோடு பேச்சு முடிந்தது. முதல் இரண்டு எண்களும் சுடுகிறவரின் கையும் கண்ணும் தப்புமா என்பதைச் சொல்பவை. கடைசி இரண்டும் பன்றி விழுமா என்பதைச் சொல்பவை, அதுவும் அரைவாசிதான். மிச்ச அரைவாசி குழலின் கடைசி இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. அதை எந்தப் பெட்டியிலும் அச்சிட முடியாது. கடதாசியில் சுட்டுப் பார்த்துத்தான் அறியலாம்.

உள்ளே போகுமுன் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இது அனுமதிப்பத்திரம் உள்ள சொட்கனுக்கான விளக்கம். இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். எதைச் சுடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மான், மரை, சருகுமான், மயில், காட்டுக்கோழி எல்லாம் இந்தக் கட்டுரைக்கு வெளியே. கச்சான் பாத்தியையும் கதிர் தள்ளிய வயலையும் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிதான் இங்கே விஷயம். மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசிய பூங்காக்கள் ஆகிவிட்டன. அந்த எல்லைக்குள் பன்றியையும் தொட முடியாது. கட்டுத்துவக்குப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இராது. கம்பியில் தட்டியது பன்றியா, விறகுக்குப் போன பிள்ளையா என்று அது பார்ப்பதில்லை.

12 என்றால் என்ன?

குழலின் உள் அகலம். ஆனால் அங்குலத்திலும் இல்லை, மில்லிமீற்றரிலும் இல்லை. இது பழைய இங்கிலாந்துக் கணக்கு: ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை மட்டுமட்டாக நுழையும் குழல் 12 போர். இருபதாகப் பிரித்தால் உருண்டை சிறுக்கும், குழலும் ஒடுங்கும். அதனால்தான் எண் கூடக் கூட வாய் சின்னதாகிறது. 12 போர் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், 16 போர் 16.8, 20 போர் 15.6. "நாலு பத்து" என்று சொல்லப்படும் மெல்லிய துவக்கு மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது நேரடியாக 0.410 அங்குலம், அதாவது 10.4 மில்லிமீற்றர். பன்றிக்கு அது காணாது.

காவலுக்கு 12 போரே போதும், அதுவே வேண்டும். பெரிய சன்னம், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈய உருண்டை, ஒழுங்காக அடுக்குப்பட்டு நிற்பது அந்த அகலத்தில்தான். காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு வீட்டில் 12 போரும் 20 போரும் சேர்ந்து இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 20 போர்த் தோட்டாவைத் தவறுதலாக 12 போர்த் துவக்கில் போட்டால், அது விளிம்பில் நிற்காமல் உள்ளே வழுக்கிப்போய், தோட்டா இருக்கும் அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெறும் 'டிக்'. திறந்து பார்த்தால், இருட்டில், அறை காலியாகத் தெரியும். "போடவே இல்லைப் போல" என்று சரியான தோட்டா ஒன்றைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்திலேயே கிழியும். இடது கை பிடித்திருப்பது அதற்குப் பக்கத்தில்தான். இதற்காகவே 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டையும் ஒரு பையில் போடக் கூடாது, ஒரு அலுமாரித் தட்டில் வைக்கவும் கூடாது.

70: அதிகம் பேர் தவறவிடுவது

இது தோட்டாவின் நீளம், மில்லிமீற்றரில். ஆனால் வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத 70 மில்லிமீற்றர்த் தோட்டாவின் நுனி மடித்து மூடியிருப்பதால் அது 60க்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். சிக்கல் இங்கேதான். பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல்களில் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலம். 70 மில்லிமீற்றர்த் தோட்டா அதற்குள் தடையே இல்லாமல் நுழையும். துவக்கும் நன்றாக மூடும். ஆனால் நுழைவது வேறு, பொருந்துவது வேறு.

வெடிக்கும்போது என்ன நடக்கிறது? மடிப்பு விரிந்து முன்னே நீள்கிறது. அறைக்கு முன்னால் குழல் புனல்போல ஒடுங்கும் இடம் உண்டு. விரிந்த வாய் அந்தப் புனலுக்குள் போய்ப் படிகிறது. சன்னமும், அதற்கும் மருந்துக்கும் இடையில் இருக்கும் அடைப்பானும் அந்தக் குறுகிய வழியால் நெரிபட்டுப் போக, அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஒரு வெடியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அடையாளங்கள் மெல்ல மெல்ல வரும்: வழமையைவிடத் தோளில் பலமான உதைப்பு, வெடித்த கோதின் வாய் பிய்ந்து கந்தலாக இருப்பது, பின்பக்க நடுவில் ஊசி அடிக்கும் கேப் தட்டையாகிப் போவது, கடைசியில் குழலுக்கும் பிடங்குக்கும் இடையில் ஆட்டம். ஆட்டம் கண்ட துவக்கைத் தகடு வைத்து இறுக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. தகடு சத்தத்தை நிறுத்தும், காரணத்தை நிறுத்தாது.

அறையின் நீளத்தை எங்கே பார்ப்பது? குழலைக் கழற்றி அடிப்பக்கத் தட்டையைப் பாருங்கள். 2½ அல்லது 65, 2¾ அல்லது 70, 3 அல்லது 76 என்று அடித்திருக்கும். பர்மிங்காம் துவக்குகளில் முடிச் சின்னத்துக்குக் கீழே பி.என்.பி என்ற முத்திரை இருந்தால், புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல் அது. முத்திரை தேய்ந்து போயிருந்தால் ஒரு எளிய வழி: கெட்டியான மட்டையை 20 மில்லிமீற்றர் அகலத்துக்கு வெட்டி, வெறும் அறைக்குள் நேராக நுழைத்துத் தள்ளுங்கள். குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் அது முட்டி நிற்கும். பின்விளிம்பு மட்டத்தில் கோடு போட்டு எடுத்து அளந்தால் அறை 65ஆ 70ஆ என்று ஏறத்தாழத் தெரியும். ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசத்தில் சந்தேகம் வந்தால் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டு, துவக்குத் திருத்துபவரிடம் அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுதலை பிரச்சினையில்லை: 70 அறையில் 65 தோட்டாவைச் சுடலாம். 70 அறையில் 76 மில்லிமீற்றர் 'மக்னம்' தோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் மருந்தும் கூட, நீளமும் கூட.

வெளிப்பக்கத்தில் மரத்தின் வரிபோல, நீரோட்டம்போலக் கோலம் தெரியும் குழல்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பாட்டன் காலத்துச் சொத்து. அவை டமாஸ்கஸ் குழல்கள்: இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்தவை. கரிமருந்துக் காலத்தவை. வரிகளுக்கிடையே உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதைச் சுவரில் மாட்டலாம். இன்றைய தோட்டாவைப் போடக் கூடாது.

32, எஸ்.ஜி

32 என்பது சன்னத்தின் மொத்த நிறை, கிராமில். 28, 32, 36 என்று வரும். நிறை கூடினால் பலம் கூடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் உதைப்பு நிச்சயம் கூடும். சன்னத்தின் வேகம் பல வேளை குறையும். 32 போதும்.

எல்.ஜி, எஸ்.ஜி, எஸ்.எஸ்.ஜி, ஏ.ஏ.ஏ, பி.பி, பிறகு 1 முதல் 8 வரை. இது சன்னத்தின் பருமனைச் சொல்லும் இங்கிலாந்து வரிசை, எண் கூடச் சன்னம் சிறுக்கும். பெயர்களை விட்டு, ஓர் அவுன்ஸ் ஈயத்தில் (28.35 கிராம்) எத்தனை சன்னம் என்று பார்த்தால் தெளிவாகிவிடும். எல்.ஜி: 6. எஸ்.ஜி: 8. எஸ்.எஸ்.ஜி: 15. ஏ.ஏ.ஏ: 35. பி.பி: 70. 4ஆம் நம்பர்: 170. ஒரு எஸ்.ஜி சன்னம் 8.4 மில்லிமீற்றர் குறுக்களவும் மூன்றரைக் கிராம் நிறையும் கொண்டது. 4ஆம் நம்பர்ச் சன்னம் 3.1 மில்லிமீற்றர், ஒரு கிராமின் ஆறிலொரு பங்கு. குழலை விட்டுப் புறப்படும் வேகம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. ஆக, தனிச் சன்னம் ஒன்றின் அடியில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பன்றிக்கு இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம்? முதிர்ந்த கடுவன் பன்றியின் தோளிலும் விலாவிலும் தோலுக்குக் கீழே தடித்த கேடயம் ஒன்று வளர்ந்திருக்கும். ஒன்றோடொன்று கொம்பு பாய்ச்சிச் சண்டை பிடிப்பதால் இயற்கை கொடுத்த கவசம். அதற்கு மேல் சேற்றில் புரண்டு காய்ந்த மண். 4ஆம் நம்பர்ச் சன்னம் நூறு பட்டாலும் அந்தக் கேடயத்துக்குள்ளேயே நின்றுவிடும். பன்றி விழாது, பற்றைக்குள் ஓடி நாலு நாள் கிடந்து புழுத்துச் சாகும், அல்லது ஆறி எழுந்து மனிதரைக் கண்டால் பாயும். "நிறையச் சன்னம் இருந்தால் ஏதாவது ஒன்று படும்" என்ற கணக்கு, ஏதாவது ஒன்று படுவதே போதாது என்பதை மறந்த கணக்கு. பன்றிக்கு எஸ்.ஜி அல்லது எல்.ஜி. ஏ.ஏ.ஏ பத்துப் பன்னிரண்டு மீற்றரில் குட்டிக்குச் சரி, பெரியதுக்கு வேண்டாம்.

அமெரிக்கப் பெட்டி கையில் கிடைத்தால் எண்கள் குழப்பும். அவர்களுடைய 'இரட்டைப் பூச்சியம்' 8.4 மில்லிமீற்றர், நம் எஸ்.ஜிக்கு நிகர். ஆனால் '4' என்று மட்டும் இருப்பதும் '4 பக்' என்று இருப்பதும் ஒன்றல்ல. முதலாவது 3.3 மில்லிமீற்றர்ப் பறவைச் சன்னம், இரண்டாவது 6.1. ஒரு சொல் விடுபட்டால் பாதி அளவுக்கு இறங்கிவிடுகிறது.

ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் உண்டு. ஏறத்தாழ 28 கிராம் ஈயக் கட்டி ஒன்று. ஜேர்மனியின் பிரெனெக்கே 1898இல் வடிவமைத்த வகை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பன்றியை விழுத்துவதில் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனாலும் குடிமனைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மட்டும் இருக்கும் இடங்களில் அது தேவையில்லை என்பதே எங்கள் எண்ணம். ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் அது உயிரோடு போகும். காய்ந்த தரையிலும் பாலை மரத்திலும் பட்டுத் திரும்பும்.

சோக்: குழலின் நுனியில் ஒரு நெரிப்பு

மோட்டார்சைக்கிளில் காலையில் இழுக்கிற சோக்கும் இதுவும் பெயரில் மட்டும் ஒன்றல்ல. இரண்டும் வழியை ஒடுக்குவதுதான் வேலை. சொட்கன் குழல் முழு நீளமும் ஒரே அகலமாக வந்து, நுனியின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் மயிரிழை அளவுக்கு ஒடுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒடுக்கமே இல்லாதது சிலிண்டர். கால் சோக் 0.25 மில்லிமீற்றர், அரைச் சோக் 0.5, முக்கால் 0.75, முழுச் சோக் 1 மில்லிமீற்றர் ஒடுக்கம். நீர்க்குழாய் வாயைப் பெருவிரலால் அமத்தினால் தண்ணீர் சிதறும். இது அதற்கு நேர் எதிர், சன்னக் கூட்டத்தைச் சேர்த்துப் பிடித்து அனுப்பும்.

எவ்வளவு சேர்த்துப் பிடிக்கிறது என்பதற்கு ஒரு பழைய அளவு உண்டு. 40 யார் தூரத்தில், அதாவது 36.5 மீற்றரில், 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எத்தனை சன்னம் விழுகிறது? சிலிண்டருக்கு 40, கால் சோக்குக்கு 55, அரைக்கு 60, முக்காலுக்கு 65, முழுச் சோக்குக்கு 70. பறவைச் சன்னத்துக்கு இது நன்றாகப் பொருந்தும்.

எஸ்.ஜிக்குப் பொருந்தாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "முழுச் சோக்தான் தூரம் அடிக்கும், பன்றிக்கு அதுதான் வேணும்" என்று கேட்டிருப்பீர்கள். மூன்று போளைகளை ஒன்றையொன்று தொடும்படி ஒரு வளையத்துக்குள் வையுங்கள். போளை 8.4 மில்லிமீற்றர் என்றால் வளையம் குறைந்தது 18.1 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். 12 போர்க் குழல் 18.5. ஆகவே எஸ்.ஜி சன்னம் மூன்று மூன்றாக அடுக்கி நிற்கும். 32 கிராமில் மூன்று அடுக்கு, ஒன்பது சன்னம். இப்போது இந்த மும்மூன்றும் முழுச் சோக்குக்கு வருகின்றன. அங்கே அகலம் 17.5. மூன்றும் பக்கம் பக்கமாகப் போக இடமில்லை. ஒன்றையொன்று நெரித்து, ஈயம் தட்டையாகி, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று குழம்பி வெளியேறும். தட்டையான சன்னம் நேரே போகாது. விளைவாக, இறுக்கிப் பிடிக்க வேண்டிய சோக்கே எஸ்.ஜியைச் சிதறடிக்கலாம். பொதுவாகக் கால் சோக்கும் அரைச் சோக்கும்தான் எஸ்.ஜிக்கு ஒத்துப்போகும். 'பொதுவாக' என்றுதான் சொல்ல முடியும். முழுச் சோக்கிலும் அழகாகக் கூட்டிப் போடும் குழல்கள் இருக்கின்றன.

உங்கள் துவக்கில் என்ன சோக் என்று அறிய: சில நாடுகளில் செய்த துவக்குகளில் நட்சத்திரம் அடித்திருக்கும். ஒரு நட்சத்திரம் முழுச் சோக், இரண்டு முக்கால், மூன்று அரை, நாலு கால். நட்சத்திரம் கூடக் கூட வாய் அகலும், நினைப்பதற்கு மாறாக. மரை போட்டுக் கழற்றும் சோக் என்றால் விளிம்பில் வெட்டுக்கள் இருக்கும், அதே கணக்கு: ஒரு வெட்டு முழுச் சோக், ஐந்து வெட்டு சிலிண்டர். அந்தச் சோக் இல்லாமல் வெறும் மரையோடு சுட்டால் மரை கெட்டுவிடும். இரட்டைக்குழலில் பெரும்பாலும் வலக்குழல் அகன்றது, இடக்குழல் இறுகியது. முன்விசை வலக்குழலை வெடிக்க வைக்கும். ஒன்றும் அடித்திராத துவக்கின் வாயை வேனியரால் அளக்கலாம், ஆனால் உள்ளகலமே துவக்குக்குத் துவக்கு சற்று மாறுவதால் அது ஊகம்தான்.

நுனி வெடித்தோ நசிந்தோ போன குழலை வெட்டி அரம் பிடித்துக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. சோக் முழுவதும் இருப்பது அந்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான். வெட்டினால் அது சிலிண்டர். வெட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் கூட்டமும் சாய்ந்து போகும். துவக்கைக் குட்டையாக்குவது சட்டத்திலும் மாட்டும்.

குழலின் நீளத்துக்கு இவ்வளவு பேச்சு வேண்டியதில்லை. 66 சென்ரிமீற்றருக்கும் 76க்கும் இடையில் வேக வித்தியாசம் பன்றிக்குத் தெரியாத அளவு. பரணில் இருந்து சுட 71, 76 நல்லது, கண்ணுக்கு நேர் நீண்டு தெரியும். பற்றைக்குள் நடக்க 66 சுகம். அவ்வளவுதான்.

கடதாசியில் சுட்டுப் பார்த்தல்

ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். வேண்டியவை: இரண்டு தடி, ஒரு மீற்றருக்குக் குறையாத சதுரமாக ஒட்டிய பழைய பத்திரிகைத் தாள்கள் ஆறேழு, 30 மீற்றர் நைலோன் கயிறு, கரி, சாப்பாட்டுக் கோப்பை ஒன்று. கோப்பை 25 சென்ரிமீற்றர் அகலமாக இருக்கட்டும். பெரிய பன்றியின் நெஞ்சும் ஈரலும் இருக்கும் இடம் ஏறத்தாழ அவ்வளவுதான். பின்னால் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மண்மேடு வேண்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணி, அல்லது அதை ஒட்டிய காணி, எவ்வளவு வசதியான மேடு இருந்தாலும் வேண்டாம். ஊராருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கயிற்றில் 15, 20, 25, 30 மீற்றரில் முடிச்சுப் போடுங்கள். காலடி எண்ணி அளப்பதை நம்ப வேண்டாம்; வயலில் எல்லோருடைய 30 மீற்றரும் 40 ஆகிவிடும். தாளின் நடுவில் கரியால் புள்ளி வைத்து, முதலில் 20 மீற்றரில் அமர்ந்து, முழங்காலில் கை ஊன்றி, ஒரு குழலால் ஒரே ஒரு வெடி. தாளில் தூரம், குழல், தோட்டாவின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். ஒன்பது துளையையும் தேடி வட்டமிடுங்கள். கோப்பையைப் புள்ளியின் மேல் கவிழ்த்து உள்ளே எத்தனை என்று எண்ணுங்கள்.

சிலிண்டர்க் குழலில் எஸ்.ஜி ஒவ்வொரு யாருக்கும் ஓர் அங்குலம் வீதம் விரியும் என்பது கைக்கணக்கு. 10 மீற்றரில் கூட்டம் கோப்பை அளவு. 20 மீற்றரில் அரை மீற்றருக்குச் சற்று மேல், கோப்பைக்குள் மூன்றோ நாலோ. 30 மீற்றரில் முக்கால் மீற்றரைத் தாண்டும். கோப்பைக்குள் ஒன்று விழலாம், விழாமலும் போகலாம். எங்கள் அளவு இது: கோப்பைக்குள் நாலு விழாத தூரம் உங்கள் துவக்குக்கு இல்லாத தூரம். ஒரு தாளை நம்பாதீர்கள். ஒன்பதே சன்னம் என்பதால் ஒரு வெடி அதிர்ஷ்டத்தில் அழகாக வரும். குழலுக்கு மூன்று தாள். மூன்றிலும் நாலுக்குக் குறையவில்லை என்றால் 25க்குப் போங்கள். குறைந்தால் 15க்கு வாருங்கள். வேறு கம்பனித் தோட்டா வாங்கினால் மறுபடியும் தொடக்கத்தில் இருந்து, ஒரே எஸ்.ஜி, ஒரே 32 கிராம், அடைப்பான் மட்டும் வேறு என்றாலே கூட்டம் மாறிவிடும்.

இன்னொன்றையும் தாள் காட்டும். கூட்டத்தின் நடுவும் கரிப்புள்ளியும் ஒன்றாக இருக்கின்றனவா? மூன்று தாளிலும் ஒரு சாண் இடப்பக்கம் போனால் ஒன்றில் குழல் வளைந்திருக்கிறது, இல்லையேல் பிடங்கு உங்கள் தோளுக்குப் பொருந்தவில்லை. வேறொருவரைச் சுடவைத்துப் பாருங்கள். அவருக்கும் இடப்பக்கம் என்றால் குழல்.

கிடைத்த எண்ணைப் பரணுக்குக் கொண்டுபோங்கள். 20 மீற்றர் என்றால், பரணில் இருந்து அதே கயிற்றைப் பிடித்து இரண்டு மூன்று பக்கம் வெள்ளைத் தடி நடுங்கள். தடிக்கு உள்ளே வந்தால்தான் வெடி. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில். நேர் முகமாக நிற்கும் பன்றிக்கு வேண்டாம். ரோச்சில் மின்னுவது கண் மட்டும் என்றால் அது இன்னும் பன்றி ஆகவில்லை. கண் மாட்டுக்கும் மின்னும், நாய்க்கும் மின்னும்.

படாத சன்னம் எங்கே போகிறது?

ஒன்பதில் நாலு கோப்பைக்குள். மற்ற ஐந்து? ஈயச் சன்னம் போகக்கூடிய உச்சத் தூரத்துக்கு, ஜூர்னே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் அழைக்கப்படும் எளிய விதி ஒன்று உண்டு: சன்னத்தின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால் யார் கணக்கில் தூரம். எஸ்.ஜி 0.33 அங்குலம். 726 யார், ஏறத்தாழ 660 மீற்றர். 6ஆம் நம்பருக்கு அதே கணக்கில் 200 மீற்றர் அளவு. பன்றியை விழுத்த இயலாத தூரம் 30 மீற்றரில் தொடங்குகிறது. மனிதரைக் காயப்படுத்த இயலாத தூரம் அடுத்த ஊரில்தான் தொடங்குகிறது. பரண் இந்த விஷயத்தில் நல்லது: வெடி கீழ்நோக்கிப் போய் மண்ணில் அடங்கும். வரம்பில் நின்று சமமட்டமாகச் சுடுவதும், குளக்கட்டின் விளிம்பில் வானத்தோடு சேர்ந்து தெரியும் பன்றியைச் சுடுவதும் அப்படி இல்லை.

குளத்தின் பக்கமாக ஓயாமல் சுடுவதில் இன்னொரு கேடும் உண்டு. நீர்ப்பறவைகள் அரைப்பைக்குக் கல் பொறுக்கும்போது ஈயச் சன்னத்தையும் விழுங்கி நஞ்சாகிச் சாகின்றன. கட்டுக்கரைக் குளமும், 2010இல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற) ஈரநிலமான வங்காலையும் அவை கூடும் இடங்கள். ஈயத்துக்குப் பதில் உருக்குச் சன்னம் வந்திருக்கிறது. ஆனால் அது நசியாது, பழைய முழுச் சோக்கைப் புடைக்க வைக்கும். இறைச்சியிலும் ஈயம் பரவும். காயத்தைச் சுற்றி ஒரு கை அகலம் வெட்டி எறிய மனம் வர வேண்டும். நாய்க்கும் போட வேண்டாம்.

தோட்டா வைத்திருப்பதும் குழல் பார்ப்பதும்

ஐப்பசியில் மாரி தொடங்கினால் தை வரை வீட்டுக்குள் எல்லாம் ஈரம். தோட்டாவை மூடி இறுகிய பால்மா ரின்னில் போட்டுப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு 'காய்ந்த இடம்' என்பதற்காக வேண்டாம். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியது, கோது உப்பியது, மடிப்பு அவிழ்ந்தது எல்லாம் ஒதுக்கப்பட வேண்டியவை. பளபளக்க வேண்டும் என்று எண்ணெய் பூசாதீர்கள். எண்ணெய் கேப்புக்குள் ஊறி அதைக் கொன்றுவிடும். நல்ல தோட்டா அறைக்குள் தன் பாரத்திலேயே 'டொக்' என்று விழும். பெருவிரலால் அழுத்த வேண்டியிருந்தால் அது போகக் கூடாது.

தோட்டாவைப் பிரித்துச் சன்னத்தை மாற்றி, ஈயக் கட்டி போட்டு மூடிக்கொள்ளும் பழக்கம் பற்றி: மருந்தும் பாரமும் கம்பனியில் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தவை. ஒன்றை மாற்றினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று கையால் சொல்ல முடியாது.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? துவக்கை மண்ணை நோக்கிப் பிடித்தபடி அரை நிமிடம் எண்ணுங்கள். கேப் புகைந்து பிந்தி வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. 'டப்' என்று சப்பைச் சத்தம் கேட்டு, உதைப்பும் இல்லையென்றால் அடைப்பான் குழலுக்குள் நின்றிருக்கும். அடுத்த தோட்டாவைப் போடுமுன் திறந்து பார்க்க வேண்டும். பரணில் ஏறும்போது துவக்கு வெறுமையாகக் கீழே இருக்கட்டும், ஏறிய பிறகு கயிற்றால் வாய் கீழ்நோக்கி இருக்கத் தூக்குங்கள். அப்படித் தூக்கும்போது வாய் வரம்புச் சேற்றில் ஒருமுறை குத்தினாலே போதும், நுனி வெடித்து வாழைப்பூ மாதிரி விரிய.

சேற்றைவிடக் கள்ளமானது வேட்டுவக்குளவி. மூலையில் சாத்தி வைத்த துவக்கின் வாய் அதற்குக் கட்டி வைத்த வீடு. ஓரிரு நாளில் உள்ளே மண் அடைத்துவிடும். அதற்காகத் துணி செருகி வைப்பவர்கள் அவசரத்தில் துணியோடே சுட்டுவிடுகிறார்கள். வெளியே தொங்கும் நீண்ட சிவப்பு வால் இல்லாமல் எதையும் செருகாதீர்கள். ஒவ்வொரு இரவும், தோட்டா எடுக்குமுன், துவக்கை மடித்து, வாயை வெளிச்சத்துக்குக் காட்டிப் பின்பக்கத்தால் பாருங்கள். இரண்டு குழலிலும் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.